கம்பைலரைக் கட்ட எந்தக் கம்பைலர்?

நண்பர் ஒருவர் சி++17இல், அதாவது சி++ மொழியின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுதிய புரோகிராம் ஒன்றை அனுப்புகிறார். உங்கள் கையில் இருப்பதோ சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடும் பழைய சர்வர். 2014இல் வந்த அமைப்பு அது. அதோடு வரும் ஜிசிசி கம்பைலரின் பதிப்பு 4.8. சி++17 என்று சொன்னதுமே, இப்படியொரு ஆப்ஷன் எனக்குத் தெரியாது என்று ஒற்றை வரியில் கையை விரித்துவிடுகிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது. அது பிறந்தபோது சி++17 இன்னும் உருவாகியிருக்கவில்லை.

சரி, புதிய ஜிசிசியை மூலநிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்ளலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "கட்டலாம், ஆனா சிஸ்டம் உடைஞ்சிடும்" என்பார். இன்னொருவர் "கம்பைலரைக் கட்டவே ஒரு கம்பைலர் வேணுமே, அது எப்படி?" என்று கோழி, முட்டைக் கணக்குக்குப் போய்விடுவார். மூன்றாமவர் "கம்பைலரை மாத்தினா கூடவே எல்லா லைப்ரரியும் புதுசாயிடும்" என்பார். நாலாமவர் சில கட்டளைகளை எழுதிக் கொடுத்து "இதை அப்படியே ஓட்டு" என்பார்; அவை எதற்கு என்று அவருக்கும் தெரியாது. நான்கு பேச்சிலும் ஓரளவு உண்மை கலந்திருப்பதுதான் தொல்லை.

கட்டளைப் பட்டியல் ஜிசிசியின் ஆவணத்திலேயே இருக்கிறது. அந்தக் கட்டளைகளுக்கு அடியில் நடப்பது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து கொஞ்சம் புழங்கியிருந்தால் போதும்.

## மேஸ்திரியும் ஆட்களும்

மனிதர் எழுதும் மூலநிரலைப் படித்து, பிராசஸருக்குப் புரியும் இயந்திர மொழியாக மாற்றித் தரும் புரோகிராமுக்குக் கம்பைலர் என்று பெயர். தொகுப்பி என்றும் தமிழில் எழுதுகிறார்கள். அந்த விளக்கத்தில் நான் அடிக்கோடிட விரும்புவது புரோகிராம் என்ற சொல்லை. எடிட்டர் போல, கால்குலேட்டர் போல இதுவும் ஒரு புரோகிராம். ஒரு கோப்பைப் படிக்கும், இன்னொரு கோப்பை எழுதும், முடிந்ததும் போய்விடும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் அது உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே கணினியில் இரண்டு பிரவுசர்கள் இருப்பதைப் போல மூன்று கம்பைலர்கள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று சண்டை போடாது.

இன்னொரு விஷயம். ஜிசிசி என்று நாம் அடிக்கும் கட்டளை, வீடு கட்டும் இடத்தில் நிற்கும் மேஸ்திரி மாதிரி. அவர் கரண்டி பிடிப்பதில்லை. ஆட்களைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார். முதல் ஆள் 'சிசி1' (சி++ என்றால் 'சிசி1பிளஸ்'). மூலநிரலைப் படித்து, பிழை பார்த்து, சுருக்கி, அசெம்பிளி மொழியில் எழுதித் தருவது இவர்தான். மூளை முழுக்க இங்கேதான் இருக்கிறது. அடுத்தவர் அசெம்பிளர், அந்த அசெம்பிளி வரிகளை இயந்திர எண்களாக மாற்றுவார். கடைசி ஆள் லிங்கர். தனித்தனியாகக் கிடக்கும் துண்டுகளையும், வெளியிலிருந்து வரும் லைப்ரரிகளையும் கோத்து ஓடக்கூடிய ஒரே கோப்பாக்குவார். லைப்ரரி என்றால் பல புரோகிராம்களுக்கும் பொதுவாகப் பயன்படும்படி முன்பே கட்டிவைத்த நிரல் தொகுப்பு.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள் இல்லை என்பது. சிசி1 ஜிசிசியின் சொந்த ஆள். அசெம்பிளரும் லிங்கரும் பின்யூட்டில்ஸ் என்ற வேறொரு தொகுப்பிலிருந்து வருகிறார்கள். திரையில் எழுதுவது, கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது போன்ற அடிப்படை வேலைகளைத் தருவது ஜிலிப்சி என்ற சி லைப்ரரி. அதுவும் தனித் திட்டம். ஆக, புதிய ஜிசிசியைக் கட்டினால் புதிதாகக் கிடைப்பவர்கள் மேஸ்திரியும் சிசி1உம்தான். கூடவே சி++ மொழிக்கான 'லிப்எஸ்டிடிசி++' என்ற லைப்ரரியும் வரும், ஏனென்றால் அது ஜிசிசியின் வீட்டுப் பிள்ளை. அசெம்பிளர், லிங்கர், ஜிலிப்சி, கெர்னல் எல்லாம் பழையபடியே இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கம்பைலர் ஒரு சாதாரண புரோகிராம்; அதைப் புதுப்பித்தால் அதன் வீட்டுச் சாமான்கள் மட்டுமே புதுசாகும். அந்த மூன்றாமவர் பேச்சில் லிப்எஸ்டிடிசி++ அளவுக்குத்தான் உண்மை.

## உறைமோர் கேட்டுப் போவது

இனி கோழி, முட்டைக் கணக்கு. ஜிசிசி சி++ மொழியில் எழுதப்பட்டது. சி++ மூலநிரலை ஓடும் புரோகிராமாக மாற்ற சி++ கம்பைலர் வேண்டும். அப்படியானால் முதல் கம்பைலர் எங்கிருந்து வந்தது?

தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். பாலைத் தயிராக்கக் கொஞ்சம் பழைய தயிர் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தச் சங்கிலியைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் எங்கோ ஒரு இடத்தில், உறைமோரே இல்லாமல், மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டு உறைய வைத்த ஒரு பாட்டி இருப்பார்.

கம்பைலர் வரலாற்றிலும் அப்படிப் பாட்டிகள் உண்டு. 1952இல் கிரேஸ் ஹாப்பர், யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற ஒன்றைச் செய்தார். கம்பைலர் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது அவர் வழியாகத்தான். இன்றைய கண்ணில் அதை லிங்கர் என்று சொல்வதே பொருத்தம் என்பார்கள், அது வேறு விஷயம். நமக்கு நேராகத் தேவைப்படும் பாட்டி 1962இல் வருகிறார். எம்ஐடியில் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப் மொழியிலேயே எழுதினார்கள். லிஸ்ப் கம்பைலர் அதற்கு முன் அவர்களிடம் இல்லை, இன்டர்ப்ரெட்டர் இருந்தது. இன்டர்ப்ரெட்டர் என்பது மூலநிரலை முன்கூட்டி மாற்றிவைக்காமல், படித்தபடியே செய்துகாட்டும் புரோகிராம். மெதுவானது, ஆனால் வேலை செய்யும். தங்கள் கம்பைலரை அந்த இன்டர்ப்ரெட்டரில் ஓடவிட்டு, அந்தக் கம்பைலரின் மூலநிரலையே அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். வெளியே வந்தது, இயந்திர மொழியில் ஓடும் கம்பைலர். அந்த இன்டர்ப்ரெட்டர்தான் மிளகாய்க் காம்பு.

இப்படி ஒரு கம்பைலர் தன்னைத் தானே கட்டிக்கொண்டு எழும்புவதை பூட்ஸ்ட்ராப் என்கிறார்கள். இன்று லினக்ஸில் நமக்கு மிளகாய்க் காம்பு தேவையில்லை. டிஸ்ட்ரோ, அதாவது உபுண்டு, டெபியன், சென்ட்ஓஎஸ் போன்ற லினக்ஸ் தொகுப்பு, தன்னோடு ஒரு பழைய ஜிசிசியைக் கட்டியே தருகிறது. அதுதான் உறைமோர்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை இந்த வேலையில் இறங்கியபோது, பழையதும் புதியதும் மோதிக்கொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், முதலில் பழைய கம்பைலரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு உட்கார்ந்தேன். உறைமோரைக் கீழே கொட்டிவிட்டுப் பாலைக் காய்ச்சியவன் நான்.

## ஏன் மூன்று முறை?

ஜிசிசியைக் கட்டச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் சந்தேகம் வரும். கொஞ்ச நேரத்துக்கு முன் ஓடிய கோப்புப் பெயர்கள் திரும்ப ஓடுகின்றன. பிறகு மறுபடியும். எங்கோ சுழலில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அது வேண்டுமென்றே தன்னை மூன்று முறை கட்டுகிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, ஒரு கம்பைலருக்குக் குணம், உடம்பு என்று இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குணம் மூலநிரலிலிருந்து வருகிறது: எந்த மொழியைப் புரிந்துகொள்ளும், எப்படி மொழிபெயர்க்கும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. உடம்பு என்பது பிராசஸரில் ஓடும் அந்த இயந்திர மொழிக் கோப்பு. அதன் தரம், அதைக் கட்டிய கம்பைலரைப் பொறுத்தது.

முதல் நிலையில், பழைய ஜிசிசி 4.8 புதிய ஜிசிசியின் மூலநிரலைக் கம்பைல் செய்கிறது. வெளியே வருவதற்குக் குணம் புதியது, உடம்போ பழைய கம்பைலர் வார்த்தது. சி++17ஐப் புரிந்துகொள்ளும். ஆனால் பழைய கம்பைலரில் ஏதாவது பிழை இருந்திருந்தால் அது இந்த உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். போதாததற்கு, இந்த நிலையில் வேகப்படுத்தும் வேலைகள் எதையும் பழைய கம்பைலரிடம் கேட்பதில்லை. எனவே முதல் நிலைக் கம்பைலர் ஆமை வேகத்தில் ஓடும்.

இரண்டாம் நிலையில், அந்த ஆமைக் கம்பைலரை வைத்து அதே மூலநிரலை மறுபடி கம்பைல் செய்கிறார்கள். இப்போது குணமும் புதியது, உடம்பையும் புதிய குணமுள்ள கம்பைலரே வார்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு உறைமோரின் புளிப்பு இங்கே போய்விடுகிறது. இதோடு நிறுத்தியிருக்கலாமே?

நிறுத்தலாம். மூன்றாம் நிலை கட்டுவதற்காக இல்லை, சோதிப்பதற்காக. இரண்டாம் நிலைக் கம்பைலரை வைத்து அதே மூலநிரலை இன்னொரு முறை கம்பைல் செய்கிறார்கள். முதல் நிலைக் கம்பைலருக்கும் இரண்டாம் நிலைக் கம்பைலருக்கும் உடம்புதான் வேறு, குணம் ஒன்று. ஒரே குணமுள்ள இரண்டு பேரிடம் ஒரே வேலையைக் கொடுத்தால், ஒருவர் மெதுவாகவும் இன்னொருவர் வேகமாகவும் செய்யலாம், ஆனால் விடை ஒன்றாக இருக்க வேண்டும். எனவே முதலாமவர் செய்த இரண்டாம் நிலைக் கோப்புகளும், இரண்டாமவர் செய்த மூன்றாம் நிலைக் கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போக வேண்டும். ஜிசிசி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. ஒத்துப்போகாவிட்டால் 'பூட்ஸ்ட்ராப் கம்பேரிசன் ஃபெயிலியர்' என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். பழைய கம்பைலர் முதல் நிலையின் உடம்பைக் கெடுத்துவிட்டது, அல்லது புதிய கம்பைலரிலேயே பிழை என்பது பெரும்பாலும் அதன் பொருள்.

தனக்குத் தானே பரீட்சை வைத்துத் தானே திருத்திக்கொள்ளும் மாணவன் என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் தன் மூலநிரலைவிடப் பெரிய, சிக்கலான பரீட்சைத் தாள் ஒரு கம்பைலருக்கு எங்கே கிடைக்கும்? எனக்கு இது மென்பொருள் உலகின் அழகான யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது.

இந்தச் சோதனை எதை நிரூபிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருதை ஏற்றுப் பேசிய உரை 1984இல் அச்சானது. அதில் ஒரு குறும்பைக் காட்டினார். தன்னைக் கம்பைல் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டதும், புதிய உடம்பிலும் ரகசியமாக ஒரு கள்ள வாசலைச் சேர்த்துவிடும் கம்பைலரைச் செய்யலாம். மூலநிரலில் தேடினால் அதன் சுவடே இருக்காது என்றார். அப்படிப்பட்ட உறைமோரிலிருந்து தொடங்கினால் இரண்டாம் நிலையும் மூன்றாம் நிலையும் அச்சு அசலாக ஒத்துப்போகும்; கள்ளத்தனமும் அப்படியே தொடரும். எனவே இந்த ஒப்பீடு நேர்மைக்கான சான்றிதழ் இல்லை. பிழைகளைப் பிடிக்கும் வலை, அவ்வளவுதான்.

சுருக்கமாக: முதல் நிலை பழையதால் கட்டிய புதியது, இரண்டாவது, புதியதால் கட்டிய புதியது, மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க. கடைசியில் நிறுவப்படுவது மூன்றாம் நிலை.

## ஒரே தாவலில் மாடிக்குப் போக முடியாது

எந்தப் பழைய கம்பைலரும் எந்தப் புதிய கம்பைலருக்கும் உறைமோர் ஆகிவிடுமா? ஆகாது. புதியதன் மூலநிரலில் உள்ள மொழி பழையதற்குப் புரிய வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் ஜிசிசியை வெளியிட்டபோது அது சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2013இல் வந்த 4.8ஆம் பதிப்பிலிருந்து அதைக் கட்ட சி++ கம்பைலர் கட்டாயமானது. 11ஆம் பதிப்பிலிருந்து சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும், ஜிசிசி 4.8 அதற்குப் போதும். 2025இல் வந்த 15ஆம் பதிப்போ சி++14 கேட்கிறது. அதற்குக் குறைந்தது ஜிசிசி 5.4 கையில் இருக்க வேண்டும்.

ஆகவே நம் சென்ட்ஓஎஸ் 7 சர்வரில் 4.8இலிருந்து நேரே 15க்குத் தாவ முடியாது. நடுவில் ஒரு படி வைக்க வேண்டும்: 4.8ஐ வைத்து 9.5ஐக் கட்டு, 9.5ஐ வைத்து 15ஐக் கட்டு. நடுப்படியாக 9.5ஐ ஜிசிசியின் ஆவணமே பரிந்துரைக்கிறது. நண்பருடைய சி++17 புரோகிராமுக்கு மட்டும்தான் என்றால் அந்த நடுப்படியிலேயே உட்கார்ந்துவிடலாம், 9.5க்கு சி++17 நன்றாகத் தெரியும். புதியது வேண்டும் என்பவர்களில் பலருக்கு ஆகப் புதியது வேண்டியதில்லை.

அடா மொழி இன்னும் கறாரானது. ஜிசிசியில் உள்ள அடா கம்பைலர் அடாவிலேயே எழுதப்பட்டது என்பதால், அதைக் கட்ட ஏற்கெனவே ஒரு அடா கம்பைலர் வேண்டும். உங்களுக்கு அடா தேவையில்லை என்றால் அந்த மொழியைக் கேட்காமல் விட்டுவிடுவதே நல்லது.

## கட்டும் வேலை

அதற்கு முன் ஒரு கேள்வி: கட்டத்தான் வேண்டுமா? பல டிஸ்ட்ரோக்கள் இயல்பான கம்பைலரோடு இன்னும் சில பதிப்புகளையும் தனிப் பெயரில் வைத்திருக்கின்றன. உபுண்டு 24.04இல் இயல்பாக வருவது ஜிசிசி 13; ஆனால் 14ஐயும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். சென்ட்ஓஎஸ் 7 பக்கத்தில் டெவலப்பர் டூல்செட் என்ற பெயரில் புதிய ஜிசிசிகள் கிடைத்தன. ஆனால் 2024 ஜூன் 30உடன் அந்த அமைப்புக்கான ஆதரவே முடிந்துவிட்டது. கடையில் நல்ல தயிர் கிடைக்கும்போது வீட்டில் உறை ஊற்றுவது வீம்புக்குத்தான். கடையில்லாத ஊர், ரூட் அனுமதி இல்லாத பல்கலைக்கழக சர்வர், குறிப்பிட்ட ஒரே பதிப்புதான் வேண்டும் என்ற கட்டாயம் என்றால் மட்டும் கட்டுங்கள்.

கட்டுவதென்று முடிவானால் வேலை மூன்று கட்டமாகப் போகும். முதலில் கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட், வேலை தொடங்குமுன் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் எஞ்சினியர் போல, உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது, எது இல்லை என்று குறிப்பெடுக்கும். அடுத்து மேக் என்ற கருவி அந்தக் குறிப்பை வைத்து, எதற்குப் பின் எது என்ற வரிசையில் கம்பைல் செய்யும். கடைசியாக இன்ஸ்டால், முடிந்த கோப்புகளை அவற்றின் இடத்துக்கு நகலெடுக்கும், வேறொன்றுமில்லை.

கன்ஃபிகர் முதலில் முறைத்துக்கொள்வது பெரும்பாலும் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகளுக்காக. மொழிபெயர்க்கும் வேலைக்குக் கணிதம் எதற்கு? உங்கள் நிரலில் பை (π) என்ற எண்ணை மூன்றால் வகு என்று மாறாத எண்களை வைத்து எழுதியிருந்தால், புரோகிராம் ஓடும்வரை காத்திருக்காமல் கம்பைலரே கணக்குப் போட்டு விடையை எழுதிவைத்துவிடும். எந்தக் கணினியில் கம்பைல் செய்தாலும் அந்த விடை கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த மூன்றும். ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டாம். ஜிசிசி மூலநிரலின் 'கான்ட்ரிப்' கோப்புறையில் இவற்றை இறக்கித் தரும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

கன்ஃபிகரிடம் சொல்ல வேண்டியவை சில. நிறுவும் இடம் எது என்பது ஒன்று. அதைப் பற்றித் தனியே பேசலாம். எந்தெந்த மொழிகள் வேண்டும் என்பது இன்னொன்று. சி, சி++ மட்டும் போதும் என்றால் நேரம் மிச்சம். அப்புறம் மல்டிலிப். 64 பிட் கணினியில் 32 பிட் புரோகிராம்களையும் கட்டும் வசதிக்குத்தான் அந்தப் பெயர். அது வேண்டாம் என்று சொல்லாவிட்டால், 32 பிட் ஜிலிப்சியின் தலைப்புக் கோப்புகள் இல்லையே என்று நடுவழியில் நின்றுவிடும். இன்று பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை.

மூலநிரல் கோப்புறைக்குள் நின்றுகொண்டு கட்டாதீர்கள். வெளியே வெற்றுக் கோப்புறை ஒன்றைத் திறந்து அங்கே நின்று கன்ஃபிகரைக் கூப்பிடுங்கள். அரிசி மூட்டைக்கு மேல் அடுப்பு மூட்டுவதில்லை, அதே நியாயம். தவறு நடந்தால் அந்தக் கோப்புறையை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

மேக் ஓடும்போது ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் என்று சொல்லலாம். நாலு கோர் இருந்தால் நாலு. ஆசைப்பட்டுப் பதினாறு என்று கொடுத்தால் நினைவகம் நிரம்பிவிடும். கெர்னல் ஏதோ ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கப் பார்க்கும். அப்போது 'இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்ட்' என்று வரும். கம்பைலரில் பிழை என்று பதற வேண்டாம். கில்ட் என்ற சொல்லைப் பாருங்கள். அது கொலை, தற்கொலை இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி மேக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வட்டில் பல ஜிகாபைட் இடமும், பழைய கணினி என்றால் ஒரு ராத்திரியும் ஒதுக்கிவையுங்கள்.

## சிஸ்டம் உடையுமா?

உடையலாம், நீங்கள் உடைத்தால். டிஸ்ட்ரோவின் கம்பைலர் இருக்கும் யூஎஸ்ஆர் கோப்புறையின் மேலேயே புதியதை நிறுவினால், டிஸ்ட்ரோ தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கோப்புகளை நீங்கள் மாற்றிவிடுகிறீர்கள். அடுத்த அப்டேட்டில் அது உங்களுடையதை அழித்துத் தன்னுடையதை எழுதும். பாதி அது, பாதி இது. அதைத் தவிர்க்கத்தான் கன்ஃபிகரிடம் இடம் சொல்கிறோம். ஆப்ட் (/opt) கோப்புறைக்குள் ஜிசிசி-9.5 என்று தனி வீடு கொடுங்கள். ரூட் அனுமதி இல்லையென்றால் உங்கள் ஹோம் கோப்புறைக்குள்ளேயே கொடுக்கலாம். பழையதைத் தொடவே வேண்டாம்.

பிறகு, ஜிசிசி என்று அடித்தால் எது ஓடும்? அதை முடிவு செய்வது பாத் என்ற மாறி. கட்டளையின் பெயரைக் கேட்டதும் ஷெல் எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல் அது. முதலில் கிடைப்பது ஓடும். புதிய வீட்டின் 'பின்' (bin) கோப்புறையைப் பட்டியலின் தலையில் வைத்தால் புதியது, எடுத்துவிட்டால் பழையது.

இதில் பலரையும் கவிழ்க்கும் பள்ளம் ஒன்று உண்டு. 'சிசி' என்ற இரண்டெழுத்துக் கட்டளை, காலங்காலமாக யூனிக்ஸில் சி கம்பைலரின் பொதுப்பெயர். புதிய ஜிசிசி நிறுவப்படும்போது ஜிசிசி, ஜி++, சி++ என்ற பெயர்களில் கோப்புகள் வரும். சிசி என்ற பெயரில் வராது. மேக் கருவியும் சிமேக் என்ற கருவியும் சி நிரலுக்கு முதலில் தேடுவதோ சிசியை. விளைவு: சி கோப்புகளைப் பழையதும் சி++ கோப்புகளைப் புதியதும் கம்பைல் செய்யும் விசித்திரக் கூட்டணி. எந்தக் கம்பைலர் வேண்டும் என்பதை அந்தக் கருவிகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிமேக் ஒருமுறை பிடித்த கம்பைலரை விடாது என்பதால், அதன் பில்ட் கோப்புறையைத் துடைத்துவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

## இரண்டு பிழைகள், ஒரே முகம்

நண்பரின் புரோகிராம் ஒருவழியாகக் கம்பைல் ஆகிவிட்டது. ஓடவிட்டால் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.21 கிடைக்கவில்லை' என்பது போல ஒன்று வருகிறது, எண் மாறலாம். கட்டியது வீணா?

இல்லை. சி++ புரோகிராம்கள் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியை ஓடும் நேரத்தில் தேடி எடுத்துக்கொள்கின்றன. கம்பைல் செய்தது புதிய லைப்ரரியை நம்பி. ஓடும்போது கிடைத்ததோ சிஸ்டத்தின் பழைய லைப்ரரி. பாத் என்பது கட்டளைகளைத் தேடுவதற்கான பட்டியல். லைப்ரரிகளைத் தேடும் பட்டியல் வேறு. அதை நாம் தொடவே இல்லை. 'எல்டி லைப்ரரி பாத்' என்ற மாறியில் புதிய வீட்டின் 'லிப்64' கோப்புறையைச் சேர்க்கலாம். அந்த முகவரியை லிங்கர் மூலம் புரோகிராமுக்குள்ளேயே பதித்துவிடலாம். அல்லது லிப்எஸ்டிடிசி++ஐ மட்டும் ஸ்டாட்டிக்காக, அதாவது புரோகிராமின் உள்ளேயே ஒட்டிவிடச் சொல்லலாம். ஒரே ஒரு புரோகிராமை வேறு சர்வருக்கு எடுத்துப்போவது என்றால் எனக்குப் பிடித்தது கடைசி வழி.

புதிய லைப்ரரியில் பழைய புரோகிராம்கள் ஓடுமா என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை. 2004இல் வந்த ஜிசிசி 3.4 முதல் இந்த லைப்ரரி பழையதைக் கைவிடாமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. அந்தப் பிழைச் செய்தியில் இன்னும் 3.4 என்று தொடங்குவது அதனால்தான்.

இதோடு அண்ணன், தம்பி போலத் தோன்றும் இன்னொரு செய்தி உண்டு: 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை'. நடுவில் அந்த எக்ஸ்எக்ஸ் இல்லை. முன்னதற்கான மருந்தை இதற்குக் கொடுத்தே பலர் நாளைத் தொலைக்கிறார்கள். ஜிலிப்சி, ஜிசிசியின் வீட்டுப் பிள்ளை இல்லை என்று மேலே பார்த்தோம். சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது ஜிலிப்சி 2.17, எத்தனை புதிய ஜிசிசியைக் கட்டினாலும் அது 2.17ஆகவே இருக்கும். இந்தச் செய்தி வந்தால், வேறு ஏதோ புதிய கணினியில் கம்பைல் செய்த புரோகிராமைப் பழைய கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூலநிரல் கிடைத்தால் இந்தப் பழைய கணினியிலேயே மறுபடி கம்பைல் செய்வது நேரான வழி. அதற்கு உங்கள் புதிய ஜிசிசி உதவும். ஜிலிப்சியை மேலே போட்டு மாற்ற மட்டும் முனையாதீர்கள். சிஸ்டத்தின் ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் அதன் மேல்தான் நிற்கின்றன. முதலாமவர் சொன்ன 'சிஸ்டம் உடைஞ்சிடும்' உண்மையாவது இங்கேதான்.

அசெம்பிளரும் பழையது என்பது எப்போதாவது தலைகாட்டும். புதிய பிராசஸரின் முழு வசதியையும் பயன்படுத்து என்று புதிய ஜிசிசியிடம் சொன்னால், அது எழுதும் கட்டளை ஒன்று பழைய அசெம்பிளருக்குப் புரியாமல் போகலாம். அப்போது பின்யூட்டில்ஸையும் அதே தனி வீட்டில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஜிசிசியைவிட அது எவ்வளவோ சின்ன வேலை.

புதியது பிடிக்கவில்லை, அல்லது வேலை முடிந்துவிட்டது என்றால் ஆப்ட் கோப்புறைக்குள் இருக்கும் அந்த ஒரு வீட்டை அழித்து, பாத்தில் சேர்த்த வரியை எடுத்துவிடுங்கள். பழைய ஜிசிசி 4.8 எதுவுமே நடக்காதது போல அதன் இடத்தில் இருக்கும். அழிக்குமுன் ஒன்று மட்டும் பாருங்கள்: அதை வைத்துக் கட்டிய புரோகிராம்களில் எவை அந்த வீட்டின் லிப்64ஐ இன்னும் நம்பிக்கொண்டிருக்கின்றன என்று. 'எல்டிடி' என்ற கட்டளைக்கு ஒரு புரோகிராமின் பெயரைக் கொடுத்தால், அது எந்த லைப்ரரியை எந்த இடத்திலிருந்து எடுக்கிறது என்பதை வரிசையாகக் காட்டிவிடும்.